ஆளில்லாத கோல்

கோலில் ஆள் நிறுத்தாமல் பந்தாடுகிற கூட்டத்தை எங்காவது பார்த்ததுண்டா? காரிமங்கலத்துப் பக்கம் மொரசப்பட்டியில் இருந்தது. ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம் அல்ல. யுத்த காலம் பெரும்பாலும் அப்படித்தான் ஆடினார்கள். எதிராளி, பின்னால் நின்று தடுக்கிற பேக்கைத் தாண்டிவிட்டால் போதும், மாமியார் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நிதானமாக நடந்துபோய்ப் பந்தை உள்ளே தள்ளிவிட்டு வரலாம். தருமபுரிப் பையன் ஒருத்தன் கோலுக்கு முன்னால் நின்று, மடியிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டுக்கொண்டு, அப்புறம் உதைத்தான். கொழுப்பைப் பாருங்கள்! சுற்றி நின்ற ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவன் சங்கத்துக் கேப்டன் மாதேஸ்வரன். இன்னொருத்தி தீர்த்தம்மாள்.

கோலுக்குப் பின்னால் ஏரிக்கரை ஓரமாக ஒரு கல் கிடந்தது. ஆட்டம் உள்ள நாளெல்லாம் தீர்த்தம்மாள் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பாள். பந்து கோலுக்குள் புகுந்து வந்ததும் எழுந்துபோய் எடுப்பாள். முந்தானையால் மண்ணைத் துடைப்பாள்.

"இந்தா கண்ணு மாதேசு, ஆடு" என்று போடுவாள்.

கோல் வாங்கிவிட்டோமே என்ற வருத்தம் அவள் முகத்தில் துளிகூட இருக்காது. ஏன் இருக்கப்போகிறது? அந்தக் கோல் காலியாகக் கிடக்கிறவரை அவள் மகன் ஆண்டி உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். சங்கத்தின் சட்டம் அது.

சட்டம் வந்த கதையைச் சொல்லாவிட்டால் இவர்களைப் பைத்தியக்காரர்கள் என்றுதான் நினைப்பீர்கள். யுத்தத்துக்கு முன்னால், ரோடு போட வந்த ஓவர்சியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது ஒரு தோல் பந்தை விட்டுவிட்டுப் போனார். அதில் ஆரம்பித்ததுதான் சங்கம். காய்ந்த ஏரியின் உள்வாய்தான் மைதானம், மூங்கில்தான் கோல் கம்பம். ஏரி நிரம்பினால் ஆட்டம் கிடையாது. ஏரி காய்ந்தால் வெள்ளாமை கிடையாது. ஊர்க்காரர்களுக்கு எப்படியும் ஏதாவது ஒன்றுக்கு அழவேண்டியிருந்தது. "மாட்டுத் தோல எட்டி ஒதைக்கறதுக்கு உனுக்குச் சோறு வேற கேடா?" என்று மாதேஸ்வரனின் அப்பன் தட்டைத் தள்ளிவிட்டதும் உண்டு.

பிறகு ஒரு வருஷம் காலரா வந்தது. சொந்த அண்ணன் தம்பியே பிணத்தைத் தொடப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டபோது, பாடை தூக்கியது சங்கத்துப் பையன்கள்தான். அன்றோடு ஊர் வாயை மூடிக்கொண்டது. கூரையில் தீப்பிடித்தாலும், கிணற்றில் ஆடு விழுந்தாலும், மாரியம்மன் தேர் சேற்றில் சிக்கினாலும் "கூப்புடு சங்கத்துப் பசங்கள" என்கிற பேச்சு வந்தது.

அந்தக் காலத்தில் சங்கத்தில் ஓட்டத்துக்குப் பேர்போனவன் காளியன். வத்தல்மலைக்காரன். சாமையும் தேனும் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்குவான், ஆட்டம் முடித்துத்தான் மலையேறுவான். ஒருமுறை அவன் காய்ச்சலில் சந்தைக் கொட்டகையிலேயே படுத்துவிட்டான். அன்றைக்கு ஆட்டத்தை விட மனமில்லாமல், அவனுடைய நீலப் பனியனை வேறொருத்தனுக்கு மாட்டி அவன் இடத்தில் இறக்கினார்கள். அந்த ஆள் கோல் போட்டான். ஜனம் போட்ட கூச்சல் கொட்டகைவரை கேட்டது. "என் எடத்துல ஆரு?" என்று காளியன் கேட்டான். சொன்னார்கள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். விடிந்தபோது உயிர் இல்லை.

அவன் அம்மா சென்னம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். அழவில்லை. பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்து, "உசுரோட இருக்கறவன் எடத்துல இன்னொரு ஆள நிறுத்திப்புட்டா, அவன் உசுரு எங்க போயி நிக்கும், சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள். வேடியப்பன் கோயில் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சங்கம் சத்தியம் பண்ணியது. உயிரோடு இருக்கிறவன் வராவிட்டால் அவன் இடம் காலியாகவே இருக்கும். அவன் செத்து, காரியம் முடிந்த பிறகு, பெற்றவளோ கட்டியவளோ தன் கையால் பனியனை எடுத்துக் கொடுத்தால்தான் அடுத்தவன் அதைப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கலாம். அவள் கொடுத்துவிட்டால் பிறகு அதை யாரும் திருப்பி வாங்க முடியாது.

பிற்பாடு கோல்கீப்பர் ஆண்டி பட்டாளத்துக்குப் போனான். மழை பொய்த்து, ஏரிக்குள் புல்கூட முளைக்காத வருஷம். பட்டாளத்தில் மூன்று வேளையும் சோறு என்று சேலத்தில் ஆள் எடுத்தார்கள். "பந்தப் புடிக்கற கைதானே, துப்பாக்கியும் புடிக்கும்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினான். போகிற அன்று பனியனைத் துவைத்து மடித்து அம்மாவிடம் கொடுத்தான்.

"வர்ற வரைக்கும் வச்சிரு ஆத்தா. ஆருக்கும் குடுத்துறாத."

"போடா போக்கத்தவனே. நல்ல வார்த்த பேசு" என்று அவள் அவன் வாயைப் பொத்தினாள்.

கப்பலேறி மலேயா போனான் என்று தெரிந்தது. சிங்கப்பூர் விழுந்தது என்று தெரிந்தது. அதற்கப்புறம் ஒன்றும் தெரியவில்லை. காணவில்லை என்றது சர்க்கார். காணவில்லை என்றால் செத்தான் என்றா அர்த்தம்? தீர்த்தம்மாள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்தப் பனியனை எடுத்து நீலம் முக்கி உலர்த்தி, மறுபடி அடுக்குப் பானைக்குள் வைத்தாள். விசில் ஊதுகிற ரெப்ரீ கேட்டால் மாதேஸ்வரன் பேருக்கு ஒரு பேக்கைக் காட்டி, இவன்தான் கோல்கீப்பர் என்பான். அந்த பேக் ஒருநாளும் கோலுக்குள் நின்றதில்லை, கையால் பந்தைத் தொட்டதில்லை.

முதல் வருஷம் ஊர் மெச்சியது. "இதுவல்லவா சத்தியம்!" என்றார்கள். இரண்டாம் வருஷம் சும்மா இருந்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது கேலி. காரிமங்கலத்துச் சந்தைப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வெளியே வருவது வாடிக்கையானது. மொரசப்பட்டிக்காரன் சந்தையில் கத்தரிக்காய் விற்றால்கூட, "ஏனுங்க, உங்க கூடைக்காச்சும் அடி இருக்குதா?" என்று கேட்டார்கள். நல்லா ஆடுகிற பையன்கள் இரண்டு பேர் காரிமங்கலத்துச் சங்கத்துக்குப் போகிறோம் என்று மிரட்டினார்கள். மிச்சம் இருந்தவர்களும் இந்த வருஷத்தோடு சரி என்றார்கள். சங்கம் போனால் நாளைக்கு ஒரு பிணம் தூக்க ஆள் ஏது என்று மாதேஸ்வரன் வாதாடிப் பார்த்தான். அதுவும் நியாயம்தான். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், அவனுக்கு வலித்தது அந்த வெற்றிலைதான். ஒருதாட்டியாவது ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கு வெறியே பிடித்திருந்தது. பக்கத்து ஊர் ராஜாமணி என்ற பையன், எந்தப் பந்தையும் விடாதவன், "எப்பக் கூப்ட்டாலும் வர்றேங்க" என்று காத்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் சந்தையில் ராஜப்பனைப் பார்த்தான். காவேரிப்பட்டணத்துக்காரன். ஆண்டியோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவன். சிங்கப்பூரிலிருந்து காயம்பட்டவர்களோடு கடைசிக் கப்பலில் ஏறித் தப்பி, பூனாவில் ஆஸ்பத்திரியிலும் பட்டாள டிப்போவிலும் கிடந்துவிட்டு, கால் சரிப்படாது என்று அனுப்பப்பட்டவன்.

"ஆண்டியா? நாங்க ஒண்ணாத்தானுங்க இருந்தோம். அவன் சாமான் கொட்டாயில இருக்கறப்ப மேல குண்டு போட்டுட்டான். ஒரே பொகை. என்னைத் தூக்கிக் கப்பல்ல போட்டுட்டாங்க. அப்புறம் நான் அவனப் பாக்கலிங்க" என்றான் ராஜப்பன். சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டான்.

அவ்வளவுதான் அவன் சொன்னது. 'அப்புறம் பாக்கல.' இதை இப்படியே போய்ச் சொல்லியிருந்தால் தீர்த்தம்மாள் என்ன சொல்லியிருப்பாள்? "பொகையில எங்காச்சும் ஓடிருப்பான். கெட்டிக்காரன்" என்றுதான் சொல்லியிருப்பாள். அது மாதேஸ்வரனுக்குத் தெரியும். தெரிந்துதான் ஊர்வரை நடந்தான். குண்டு விழுந்த கொட்டகையில் எவன் பிழைப்பான் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஏரிக்கரை வருவதற்குள் அவனே பாதி நம்பிவிட்டான். மனுஷன் தனக்கு வேண்டியதை நம்புவதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது? கொஞ்சம்தான்.

தீர்த்தம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் முறம் நின்றது.

"என்ன மாதேசு?"

"ஆண்டிகூட இருந்தவனப் பாத்தேன், சின்னம்மா."

"நல்லா இருக்கறானாமா?"

மாதேஸ்வரன் அவள் காலடியில் உட்கார்ந்தான். "இல்ல சின்னம்மா. குண்டு விழுந்துருச்சாம். அவன் கண்ணால பாத்தானாம்."

அவள் கத்தவில்லை. முறத்தில் இருந்த கேழ்வரகை மெதுவாகத் தரையில் கொட்டினாள். "கடேசியா என்ன சொன்னானாம்?" என்றாள்.

பொய்க்கு ஒரு படி இறங்கினால் அடுத்த படி தானாகக் காலுக்கு வருகிறது. "ஆத்தான்னு கூப்ட்டானாம்" என்றான் மாதேஸ்வரன்.

அப்போதுதான் அவள் அழுதாள். அடப்பாவி, அந்த அழுகையைக் கேட்டாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? திறந்தான். "நான் இருக்கறேன் சின்னம்மா" என்றான்.

உடம்பு இல்லாததால் ஆண்டியின் வேட்டி ஒன்றை வைத்துக் காரியம் செய்தார்கள். அதையும் சங்கத்துப் பையன்கள்தான் பாடை கட்டித் தூக்கினார்கள். கனமே இல்லாத பாடை. முன்பக்கம் தோள் கொடுத்தவன் மாதேஸ்வரன். எல்லாம் முடிந்த பிறகு தீர்த்தம்மாள் அடுக்குப் பானையை இறக்கி, பனியனை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். ராஜாமணி கையில் கொடுத்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டபோது கழுத்துப்பக்கம் சரியாக இழுத்துவிட்டாள். "நல்லாப் புடி கண்ணு" என்றாள். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அந்தப் பங்குனியில் மொரசப்பட்டி சந்தைப் போட்டியில் ஜெயித்தது. பம்பை அடித்துக்கொண்டு மாதேஸ்வரனைத் தோளில் தூக்கி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வெற்றிலை போட்டவன் முகம் தொங்கிப்போனதை நினைத்து அவன் சிரித்தான்கூட. ஏரிக்கரை தாண்டும்போது தற்செயலாக அந்தக் கல்லைப் பார்த்தான். காலி. பனியன் கொடுத்த நாளிலிருந்து அவள் அங்கே வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டான்.

"கோலுக்குள்ளாற பந்து வர்றதில்ல. நான் வந்து என்ன எடுத்துப் போடப்போறேன்?" என்றாள்.

அதன்பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. காட்டு வேலைக்குப் போகவில்லை. மாதேஸ்வரனின் மனைவி செல்லம்மாள் களி கிண்டிக் கொண்டுபோய் வாயில் ஊட்டுவாள். "என் கையாலயே எடுத்துக் குடுத்துட்டேனே, செல்லம்மா. குடுத்துறாதன்னு சொல்லிட்டுப் போனான்" என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வாளாம். செல்லம்மாள் வந்து புருஷனிடம் சொல்லி அழுவாள். அவன் பந்துக்குக் காற்றடிப்பதுபோலக் குனிந்துகொள்வான். ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்த்தம்மாள் வாசல்வரை போனான். காற்றாட ஒருக்களித்துப் படுத்திருந்தாள். "வா கண்ணு. நீ ஒருத்தன்தான் எனக்கு மறைக்காம வந்து சொன்ன" என்றாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வான்? தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

ஆடி மாதம் செத்துப்போனாள். யுத்தம் முடிந்ததென்று தமுக்கடித்துக்கொண்டு போனது அவள் காரியம் முடிந்த சில நாளில்தான். ஊரெல்லாம் குதித்தது. மாதேஸ்வரன் மட்டும் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான்.

மாசியில் ஏரி காய்ந்து ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஒரு நாள் சாயங்காலம், கோல் கம்பத்துப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றான். பட்டாளத்துக் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தது. பல் பாதி இல்லை. கோலில் நின்ற ராஜாமணிக்கு அவனைத் தெரியாது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மேல பட்டுறப்போவுது" என்றான். அந்த ஆள் மறுபேச்சுப் பேசாமல் தள்ளி நின்றான்.

மைதானத்து நடுவிலிருந்து மாதேஸ்வரன் பார்த்தான். பந்து அவன் காலைத் தாண்டி உருண்டுபோனது. ஓடிவந்த பையன்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். மாதேஸ்வரன் எப்படி நடந்து வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

ஆண்டி ராஜாமணியின் பனியனைப் பார்த்தான். பிறகு மாதேஸ்வரனைப் பார்த்துச் சிரித்தான்.

"நான் எப்பண்ணா செத்தேன்?" என்று கேட்டான்.

ஆண்டியின் கண் கல்லுக்குப் போனது. "ஆத்தா எங்க? கல்லு சும்மா கெடக்குது?"

ஒரு பையன் அழ ஆரம்பித்தான். ஆண்டி புரிந்துகொண்டான். போய் அந்தக் கல்மேல் உட்கார்ந்து, அதன் வழவழப்பைக் கையால் தடவினான்.

"சப்பான்காரன் எங்கள ஒரு தீவுக்குக் கொண்டு போயிட்டாண்ணா. பேருகூடத் தெரியாது. சோறில்ல, மருந்தில்ல. பக்கத்துல படுத்தவன் காத்தால எந்திரிக்க மாட்டான். எனக்கும் ரெண்டு மூணு தாட்டி முடிஞ்சுபோச்சு. அப்பெல்லாம் நம்ம கோலத்தான் நெனச்சுக்குவேன். அங்க ஆரும் நிக்க மாட்டாங்க, காலியா வச்சிருப்பாங்க, ஆத்தா பனியனக் குடுக்காதுன்னு நெனப்பேன். அத வுட்டுட்டு எப்பிடிச் சாவறது? மறுபடி எந்திரிச்சுக் குந்திக்குவேன்."

மாதேஸ்வரன் மண்ணில் மண்டியிட்டான். ஊர்ப் பையன்கள் அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னான். ராஜப்பன் சொன்னது என்ன, தான் சொன்னது என்ன, எதற்காகச் சொன்னது, எல்லாவற்றையும். வெற்றிலையைக்கூட விடவில்லை. சொல்லி முடித்து, அடி விழும் என்று காத்திருந்தான். விழுந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"ஆத்தா நம்புச்சா?" என்றான் ஆண்டி.

"நம்புச்சு."

"நீ சொன்னா நம்பாம எப்பிடிண்ணா இருக்கும்."

"கடேசியா நீ என்ன சொன்னேன்னு கேட்டுச்சு ஆண்டி. ஆத்தான்னு கூப்ட்டேன்னு, அதுவும் பொய்யி…"

"அத மட்டும் பொய்யின்னு சொல்லாத" என்றான் ஆண்டி. "தெனமும்தான் கூப்ட்டேன்."

ராஜாமணி பனியனைக் கழற்றிக்கொண்டு வந்து நீட்டினான். பாவம், அவன் மேல் என்ன தப்பு? ஆண்டி அதை வாங்கவில்லை. நீலத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். "ஆத்தா கையால குடுத்தது. குடுத்தது குடுத்ததுதான். போட்டுக்க" என்றான். பந்து கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை எடுத்து, மண்ணைத் துடைத்து, மைதானத்துக்குள் போட்டான்.

மாதேஸ்வரன் அதற்குப் பிறகு காலால் பந்தைத் தொடவில்லை. ஆனால் அவன் உயிரோடு இருந்தானே! அவன் இடத்தில் நிற்க யாருக்கும் உரிமை இல்லை. மொரசப்பட்டி மறுபடியும் ஒரு ஆள் குறைவாகவே ஆடியது, மறுபடியும் தோற்றது. ஆண்டி அம்மாவின் வீட்டில் இருந்தான். கொஞ்சம் காட்டு வேலை பார்த்தான். ஆட்ட நாளில் அந்தக் கல்மேல் வந்து உட்கார்ந்துகொள்வான். பந்து வெளியே வந்தால் எடுத்துப் போடுவான். மாதேஸ்வரன் எதிர்க்கரையில் புளியமரத்தடியில் நின்று பார்ப்பான். பையன்கள் மூச்சிரைக்க ஓடி, நடுவில் ஓடவேண்டிய ஆள் இல்லாமல் பந்தை விட்டுவிடுவதைப் பார்க்கப் பார்க்க அவன் கால் தானாக மண்ணை உதைக்கும்.

அடுத்த வருஷம் பங்குனியில், சந்தைப் போட்டிக்கு முன்னால், பொறுக்கமாட்டாமல் ஆண்டியிடம் போனான். தன் பனியனைத் துவைத்து மடித்துக் கையில் வைத்திருந்தான். ஆண்டி கல்மேல் உட்கார்ந்து பந்தின் வாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஆண்டி, நான் பண்ணுனது பண்ணுனதுதான். எனக்காவ வேண்டாம், பசங்களுக்காவ. நீயே எடுத்து ஆருக்காச்சும் குடுத்துரு. என் எடத்துல ஒரு ஆள நிறுத்துங்க" என்றான்.

ஆண்டி தலை நிமிரவில்லை. முடிச்சைப் போட்டு, நகத்தால் அழுத்திப் பார்த்தான்.

"அதெப்பிடிண்ணா?" என்றான். "நீ உசுரோட இருக்கறியே."

மாதேஸ்வரன் பனியனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.